ஒரு புட்டி, பல கைகள்

ஹனூர் அருகே கோயில் பிரசாதத்தில் கலந்து 17 உயிர்களைக் குடித்த பூச்சிக்கொல்லியைச் சந்தையிலிருந்து அகற்ற அரசுக்கு மேலும் ஐந்து ஆண்டுகள் தேவைப்பட்டன. இந்தத் தாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார்?

2018 டிசம்பர் 14, வெள்ளிக்கிழமை. கர்நாடகத்தின் ஹனூர் தாலுகாவில், தமிழக எல்லைக்குப் பக்கத்தில் உள்ள சுல்வாடி கிராமம். அங்குள்ள கிச்சுகுத்தி மாரம்மன் கோயிலில் கோபுரத்துக்கு அடிக்கல் நாட்டும் விழா. பூஜை முடிந்ததும் பக்தர்களுக்குத் தக்காளி சாதம் பிரசாதமாக வழங்கப்பட்டது. ஏதோ வாடை அடித்தது என்று பிழைத்தவர்கள் பிறகு சொன்னார்கள். ஆனால் அம்மன் சன்னதியில் கொடுத்ததை யார் வேண்டாம் என்பார்கள்?

சாப்பிட்ட சிறிது நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கின. வாயில் நுரை தள்ளியது. பலர் நின்ற இடத்திலேயே சரிந்தார்கள். சிந்திய சோற்றைக் கொத்திய காகங்களும் கோயிலைச் சுற்றி மடிந்து கிடந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். சில நாட்களில் சாவு எண்ணிக்கை 17ஐத் தொட்டது.

1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்து, இப்போது சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ள பகுதி இது. மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் பக்தர்களுக்கு ஹனூர் பழக்கமான பெயர். தமிழும் கன்னடமும் சேர்ந்தே புழங்கும் ஊர்கள். பாதிக்கப்பட்ட கிராமங்களில் ஒன்றின் பெயரே துரைசாமி மேடு. இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலியில் பிழைத்தவர்கள்.

சோற்றில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி என்று தடயவியல் ஆய்வுக்கூடம் உறுதி செய்தது. போலீஸார் நான்கு பேரைக் கைது செய்தார்கள். கோயில் அறக்கட்டளையின் நிர்வாகமும் வருமானமும் யார் கையில் இருப்பது என்ற பூசலில், எதிர்த் தரப்புக்குக் கெட்ட பெயர் உண்டாக்க நடந்த சதி இது என்பது போலீஸின் குற்றச்சாட்டு. பூட்டப்பட்ட கோயில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து, 2020 அக்டோபரில்தான் மீண்டும் திறந்தது.

நாடு முழுவதும் இதைக் குற்றச் செய்தியாகவே படித்தது. யார் கலந்தது, ஏன் கலந்தது என்பதே பேச்சாக இருந்தது. எதைக் கலந்தார்கள், அது எப்படி அவ்வளவு சுலபமாகக் கிடைத்தது என்ற கேள்வி ஓரத்தில் ஒதுங்கிவிட்டது. எந்த ரகசிய ஆய்வுக்கூடத்திலும் தயாரான விஷமல்ல அது. உரக்கடை அலமாரியில், முறையான அரசுப் பதிவோடு, ரசீதோடு விற்கப்பட்ட சரக்கு.

உடலுக்குள் நடப்பது

நரம்பு தசைக்கு உத்தரவு அனுப்பும்போது அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் சுரக்கிறது. வேலை முடிந்ததும் அதை உடனே துடைத்தெடுக்க ஒரு நொதி இருக்கிறது. மோனோகுரோட்டோபாஸ் போன்ற ஆர்கனோ பாஸ்பேட் நஞ்சுகள் இந்த நொதியை முடக்கிவிடுகின்றன. உத்தரவு நிற்பதே இல்லை. கண்ணீர், எச்சில், வியர்வை எல்லாம் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குகிறது. தசைகள் துடித்துத் துடித்துக் கடைசியில் ஓய்கின்றன. நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு விடும் தசைகளும் ஓய்ந்துபோவதுதான் சாவுக்குக் காரணம். பூச்சி சாவதும் இதே முறையில்தான். பூச்சிக்கும் மனிதனுக்கும் நரம்பின் அடிப்படை ஏற்பாடு ஒன்றே என்பதால் இந்த நஞ்சுக்கு ஆள் வித்தியாசம் தெரிவதில்லை.

மாற்று மருந்து உண்டு. அட்ரோபின் ஊசி, பிராலிடாக்ஸிம், செயற்கை சுவாசக் கருவி ஆகிய மூன்றும் நேரத்தோடு கிடைத்தால் பலரைக் காப்பாற்றலாம். ஆனால் ஆபத்து முதல் நாளோடு முடிவதில்லை. தேறிவிட்டதாகத் தோன்றும் நோயாளிக்கு ஓரிரு நாள் கழித்துத் திடீரென்று மூச்சுத் தசைகள் செயலிழக்கலாம். இதை முதலில் தெளிவாகப் பதிவு செய்து, 1987இல் உலகுக்கு அறிவித்தவர்கள் இலங்கை மருத்துவர்கள். ஆகவே ஒவ்வொரு நோயாளிக்கும் பல நாட்கள் தீவிர சிகிச்சைப் படுக்கை வேண்டும்.

சுல்வாடியில் விழுந்தவர்களுக்கு அது எங்கே இருந்தது? அருகில் இருந்த சிறு மருத்துவமனைகளில் முதலுதவி, பிறகு கொள்ளேகால், அதற்குப் பிறகு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த மைசூர். ஒரே மாலையில் நூறு பேருக்கு மேல் வந்ததால் மைசூரின் பல மருத்துவமனைகளுக்கு அவர்களைப் பிரித்து அனுப்ப வேண்டியிருந்தது. நஞ்சு எல்லாக் கிராமத்துக் கடையிலும் கிடைக்கிறது. அதை முறிக்கும் வசதி மாவட்டத் தலைநகரங்களில்தான். பூச்சிக்கொல்லிச் சாவுகளின் கணக்கில் இந்த தூரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அறுபது ஆண்டுப் பாடம்

சாப்பாட்டில் பூச்சிக்கொல்லி கலந்து கூட்டமாக மக்கள் மடிவது இந்தியாவுக்குப் புதிதல்ல. 1958இல் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் கோதுமை மாவில் செய்த பண்டங்களைச் சாப்பிட்ட நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கப்பலில் மாவு மூட்டைகளுடன் ஃபாலிடால் என்ற பாரத்தியான் பூச்சிக்கொல்லியும் ஏற்றப்பட்டு, அது கசிந்து மாவில் கலந்திருந்தது. யாருக்கும் யாரையும் கொல்லும் எண்ணம் இல்லை. நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை நடந்தது. அந்தத் துயரத்தின் தொடர்ச்சியாகப் பிறந்ததுதான் 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டம். 1971இல் அதன் விதிகள் வந்தன.

புட்டியின் மேல் இருக்கும் வைர வடிவ அடையாளம் இந்த விதிகள் தந்தது. சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள் அதற்கு அடுத்தது. பிறகு நீலம், பச்சை. மோனோகுரோட்டோபாஸ் சிவப்பு முக்கோணம். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் அது ‘மிகவும் அபாயகரமான’ வகை. ஒரு தேக்கரண்டிக்கும் குறைந்த அளவே மனித உயிரைப் பறிக்கப் போதும் என்று அந்த நிறுவனம் எச்சரித்தது. உலக வர்த்தகத்தில் முன்கூட்டிச் சம்மதம் பெற்றே அனுப்ப வேண்டிய ரசாயனங்களுக்கான ரோட்டர்டாம் உடன்படிக்கையிலும் இது இடம்பெற்றிருக்கிறது.

சட்டத்தின் அடிப்படை நம்பிக்கை ஒன்றுதான்: நஞ்சு விற்கலாம், ஆனால் எச்சரிக்கையோடு. வண்ண முக்கோணம், மண்டையோடு, பல மொழிகளில் பொடி எழுத்துத் துண்டுச்சீட்டு, கையுறை போடு, முகமூடி அணி, காற்றுக்கு எதிரே அடிக்காதே, காலிப் புட்டியை உடைத்துப் புதை. எச்சரிக்கையைப் படித்து அப்படியே நடப்பவர்கள்தான் புட்டியைத் தொடுவார்கள் என்ற அனுமானம் இது.

கிராமத்தில் அந்தப் புட்டிக்கு என்ன பெயர் என்று பார்த்தாலே போதும். தமிழில் அது ‘மருந்து’. வயலுக்கு மருந்து அடிக்கிறார்கள். கன்னடத்தில் ‘ஔஷதி’. இந்தியில் ‘தவாய்’. மூன்றும் காய்ச்சலுக்குச் சாப்பிடும் மாத்திரைக்கும் உரிய சொல்லே. அரசாங்கம் புட்டியின் மேல் விஷம் என்று அச்சிடுகிறது. ஊர் அதை மருந்து என்று அழைக்கிறது. எது ஜெயிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சதி இல்லாத சாவுகள்

சுல்வாடியில் நடந்தது சதி என்று வைத்துக்கொள்வோம். 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டம், கண்டாமன் கிராமத்தின் தொடக்கப் பள்ளியில் நடந்ததை என்ன சொல்வது? மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். அங்கேயும் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்த பெயர் மோனோகுரோட்டோபாஸ். அந்த நஞ்சு இருந்த கலத்தில் சமையல் எண்ணெய் வைக்கப்பட்டிருந்தது என்று கண்டறியப்பட்டது. தலைமையாசிரியைக்கு 2016இல் நீதிமன்றம் 17 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. தண்டனை சரி. ஆனால் உறுதியான, மூடி இறுகிய காலிக் கேன் எந்த ஏழை வீட்டில்தான் வீணாகிறது? உடைத்துப் புதை என்ற பொடி எழுத்து அந்தச் சமையலறையை எட்டவில்லை.

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்தி வயலில் தெளிப்பு வேலை செய்த 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பல நூறு பேர் மருத்துவமனை போனார்கள். சிலருக்குக் கண் பார்வை பாதிக்கப்பட்டது. அந்த ஆண்டு பருத்திச் செடிகள் ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தன. வியர்வையில் நனைந்த சட்டையோடு, செடிகளுக்கு நடுவே மூக்கு மட்டத்தில் நஞ்சைத் தெளித்தார்கள். அங்கே பயன்பட்ட பல பூச்சிக்கொல்லிகளில் மோனோகுரோட்டோபாஸும் ஒன்று. ரப்பர் உடையும் முகமூடியும் போட்டுக்கொள்ளாதது அவர்கள் தவறு என்று சொன்னவர்கள் உண்டு. செப்டம்பர் வெயிலில் அந்த உடையைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள்.

இவை பத்திரிகைக்கு வந்த கணக்கு. வராத கணக்கு பெரிது. 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. அதில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் நஞ்சருந்தியவர். கடன், குடும்பச் சண்டை, ஒரு கணத்தின் ஆத்திரம் என்று ஆயிரம் காரணங்கள். அந்தக் கணம் கடந்துபோயிருக்கும். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த புட்டி அதற்கு அவகாசம் தரவில்லை.

சதி, கவனக்குறைவு, கூலி வேலை, விரக்தி. நான்கும் வேறு வேறு கதைகள், வேறு வேறு கைகள். எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது கடையில் வாங்கிய புட்டி.

புலிகளும் பருந்துகளும்

மோனோகுரோட்டோபாஸ், டி.டி.டி. போல மண்ணில் பல ஆண்டுகள் தங்குவதில்லை. சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதே ஒரு காலத்தில் இதன் பெருமையாகச் சொல்லப்பட்டது. ஆனால் சிதைவதற்கு முன் அது செய்யும் வேலை போதும். பறவைகளுக்கும் தேனீக்களுக்கும் இது மிகக் கொடியது.

உலகுக்கு அதைக் காட்டியவை ஸ்வெயின்சன் பருந்துகள். வட அமெரிக்காவில் குஞ்சு பொரித்து, குளிருக்கு ஆர்ஜென்டினாவின் புல்வெளிக்கு வலசை போகும் பறவைகள் அவை. அங்கே அவற்றுக்கு உணவு வெட்டுக்கிளி. 1995-96இல் வெட்டுக்கிளியைக் கொல்ல விவசாயிகள் மோனோகுரோட்டோபாஸ் தெளித்தார்கள். அந்த ஒரு பருவத்தில் 5,000க்கும் மேற்பட்ட பருந்துகள் செத்து விழுந்தன. விவசாயிக்கு இலவசமாக வெட்டுக்கிளி பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த பறவை, வெட்டுக்கிளிக்கு வைத்த நஞ்சிலேயே அழிந்தது. பிறகு ஆர்ஜென்டினா அதைத் தடை செய்தது.

ஹனூர் காடுகளுக்கும் இதே வகைத் துயரம் நேர்ந்தது. மாதேஸ்வரன் மலை வனவிலங்கு சரணாலயத்தின் ஹூக்யம் சரகத்தில் 2025 ஜூன் 26 அன்று ஒரு தாய்ப் புலியும் நான்கு குட்டிகளும் இறந்து கிடந்தன. புலி அடித்த பசுவின் சடலத்தில் நஞ்சு தூவப்பட்டிருந்தது. மாட்டை இழந்த கோபத்தில் நடந்த பழிவாங்கல் என்று வனத்துறை கூறியது, மூவர் கைதானார்கள். பசுவை இழந்த ஏழைக்கு இழப்பீடு உடனே கிடைத்திருக்க வேண்டும் என்பது ஒரு பக்கம். வயலுக்கென்று விற்கும் நஞ்சு, காட்டின் ஒரு குடும்பத்தையே முடிக்கும் ஆயுதமாக வீட்டிலேயே இருப்பது இன்னொரு பக்கம்.

இலங்கை கண்ட வழி

கொல்ல நினைப்பவனும் சாக நினைப்பவனும் இது இல்லாவிட்டால் வேறொன்றைத் தேடுவான். புட்டியைக் குற்றம் சொல்லி என்ன பயன் என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாக் நீரிணைக்கு அப்பால் இந்த வாதம் சோதித்துப் பார்க்கப்பட்டது. தோற்றது.

1990களின் நடுவில் உலகிலேயே தற்கொலை மிக அதிகமான நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. 1995இல் லட்சத்துக்கு 47 பேர். அந்த ஆண்டு மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் இரண்டையும் இலங்கை தடை செய்தது. விவசாயிகள் எண்டோசல்ஃபானுக்கு மாறினார்கள்; எண்டோசல்ஃபான் சாவுகள் கூடின. 1998இல் அதையும் தடை செய்தார்கள். பிறகு 2008 தொடங்கி பாராகுவாட், டைமெத்தோயேட், ஃபென்தியான் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. 2005இல் விகிதம் லட்சத்துக்கு 24, பாதியாகிவிட்டது. 2015 வரையிலான இருபது ஆண்டுகளில் சுமார் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. இடையில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது, வறுமை ஒழியவில்லை. நஞ்சருந்தியவர்களின் எண்ணிக்கை குறைந்ததைவிட, நஞ்சருந்தியும் பிழைத்தவர்களின் எண்ணிக்கை கூடியதே பெரிய மாற்றம். குறைந்த வீரியமுள்ள சரக்கு, மருத்துவமனைக்குப் போக அவகாசம் தந்தது.

நெல் விளைச்சல் விழுந்ததா? தடைகளுக்குப் பின் இலங்கையின் நெல் மகசூல் அதனால் சரியவில்லை என்று ஆய்வுகள் காட்டின.

இந்தியாவின் நிதான நடை

இந்தியா 2005இல் காய்கறிகளில் மோனோகுரோட்டோபாஸ் பயன்படுத்தத் தடை விதித்தது. மற்ற பயிர்களுக்கு விற்கலாம். பருத்திக்கு என்று வாங்கிப்போன புட்டி கத்தரித் தோட்டத்துக்குப் போகாமல் தடுக்க எந்த ஏற்பாடும் இல்லை. 2009இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் இந்த நஞ்சின் விளைவுகளைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. 2011இல் கேரளம் தன் எல்லைக்குள் இதை விலக்கியது.

மத்திய அரசு அமைத்த அனுபம் வர்மா குழு, பிற நாடுகள் விலக்கிய 66 பூச்சிக்கொல்லிகளை ஆராய்ந்து 2015இல் அறிக்கை தந்தது. அதன்படி 2018 ஆகஸ்டில் 18 பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை வந்தது. மோனோகுரோட்டோபாஸ் அந்தப் பதினெட்டில் இல்லை. மறுபரிசீலனைப் பட்டியலில் காத்திருந்தது. அந்த உத்தரவு வந்து நான்கு மாதத்தில் சுல்வாடி.

அதற்குப் பிறகும் அவசரம் இல்லை. 2020 மே மாதம் 27 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்ய வரைவு ஆணை வந்தது. இந்த முறை மோனோகுரோட்டோபாஸ் உண்டு. தொழில்துறை ஆட்சேபித்தது, மறுபடியும் குழு. 2023 செப்டம்பர் இறுதியில்தான், கடைகளில் பரவலாக இருந்த 36 சதவீதக் கரைசலுக்குத் தடை ஆணை பிறந்தது. இருப்பில் உள்ளதை விற்றுத் தீர்க்க ஓராண்டு அவகாசம். அதுவும் 2024இல் முடிந்தது.

மாநிலங்கள் ஏன் முந்திக்கொள்ளவில்லை? 1968ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றின் கையைக் கட்டியிருக்கிறது. ஒரு பூச்சிக்கொல்லியை ஒரு மாநிலம் 60 நாட்கள் நிறுத்திவைக்கலாம்; விசாரணை முடியாவிட்டால் இன்னும் 30 நாட்கள். தற்கொலைகளைக் குறைப்பதற்காகத் தமிழக அரசு 2023 தொடக்கத்தில் மோனோகுரோட்டோபாஸ் உட்பட ஆறு பூச்சிக்கொல்லிகளின் விற்பனையை நிறுத்தியதும் அந்த 60 நாள் வரம்புக்குள்தான். சட்டத்தை மாற்ற 2008இல் ஒரு மசோதாவும் 2020இல் இன்னொன்றும் மாநிலங்களவைக்கு வந்தன. இரண்டும் சட்டமாகவில்லை.

விவசாயியின் நிலை

இந்தக் கதையில் விவசாயியை வில்லனாக்குவது சுலபம், நியாயமல்ல. பயிரில் புழு விழுந்தால் அவருக்கு இரண்டு மூன்று நாள்தான் அவகாசம். வேளாண் அதிகாரி தாலுகா தலைநகரில். உரக்கடைக்காரர் பக்கத்துத் தெருவில். அவரே ஆலோசகர், அவரே கடன் தருபவர், அவரே வியாபாரி. விலை குறைவு, அடித்த மறுநாளே புழு செத்துக் கிடக்கும் என்பதால்தான் மோனோகுரோட்டோபாஸ் இத்தனை ஆண்டுகள் ஓடியது. அதை எடுத்துவிட்டு வேறொன்றைக் காட்டாவிட்டால், கடைக்காரர் காட்டும் அடுத்த புட்டியை அவர் வாங்குவார். எண்டோசல்ஃபான் வழியாக இலங்கை படித்த பாடம் அதுதான்: ஒரு நஞ்சை எடுத்ததும் அதன் இடத்துக்கு வருவது எது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தடையோடு வேலை முடிவதில்லை.

இதற்கு வானத்தை வளைக்க வேண்டியதில்லை. சிவப்பு முக்கோணச் சரக்கு முழுவதையும் ஒரு கால அட்டவணை போட்டு விலக்கலாம். பூச்சியைக் கண்டதும் தெளிக்காமல், சேதம் எந்த அளவைத் தாண்டினால் தெளிப்பது என்று கணக்குப் பார்க்கும் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையை, கடைக்காரருக்கு முன்னால் விவசாயியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். காலிப் புட்டியைக் கடையே திரும்ப எடுத்துக்கொள்ளச் செய்யலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போதிய அட்ரோபினும், தாலுகா மருத்துவமனையில் செயற்கை சுவாசக் கருவியும், அதை இயக்கத் தெரிந்த ஆட்களும் இருக்க வேண்டும். மாட்டைப் புலி அடித்தால் இழப்பீட்டுப் பணம் கோபம் ஆறுவதற்குள் வந்து சேர வேண்டும்.

மனிதர்களின் மனதைத் திருத்தச் சட்டத்தால் முடியாது. பொறாமையும் அசட்டையும் விரக்தியும் எந்த அரசாணைக்கும் கட்டுப்படுவதில்லை. அலமாரியில் எதை வைக்கலாம் என்று தீர்மானிக்க மட்டும் சட்டத்தால் முடியும். அதை இந்தியச் சட்டம் ஒரு புட்டிக்குச் செய்து முடிக்க, கண்டாமன் குழந்தைகளின் சாவிலிருந்து பத்து ஆண்டுகளும், சுல்வாடியிலிருந்து ஐந்து ஆண்டுகளும் ஆயின. அடுத்த புட்டிக்கு எத்தனை ஆண்டுகள் என்பது ஹனூரில் முடிவாகும் விஷயமல்ல; டெல்லியில் முடிவாக வேண்டியது.